வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்க எல்லையும் அனுமதியின்றி வாழ்வோரும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் குடியேற்றச் சர்ச்சையைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: தன் எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அப்படியிருக்க, அனுமதியின்றி நுழைந்தவர்களை வெளியேற்றுவதை அமெரிக்கர்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்ப்பது ஏன்? (கல்லூரி மாணவி, திருச்சி)

அந்த உரிமையில் ஐயமே இல்லை. அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும் அதை மறுத்ததில்லை. குடியேறிகளிடம் பரிவு காட்டியவர் என்று பெயரெடுத்த ஒபாமாவின் ஆட்சியில்தான் 2012 நிதியாண்டில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். எனவே சண்டை உரிமையைப் பற்றியதன்று. யாரை, என்ன விசாரணைக்குப் பிறகு, எவ்வளவு காலத்துக்குள் வெளியேற்றுவது என்பதைப் பற்றியது.

மேடைப் பேச்சில் ஒரே கூட்டமாகச் சொல்லப்படுபவர்கள் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு நிலைகளில் இருக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோ எல்லையில் உள்ள ரியோ கிராண்டே ஆற்றையோ அரிசோனாப் பாலைவனத்தையோ மறைவாகக் கடந்து வருபவர் முதல் முறை பிடிபட்டால் அது ஆறு மாதம் வரை சிறை விதிக்கத்தக்க சிறு குற்றம். முறையான விசாவில் விமானத்தில் வந்திறங்கி, காலக்கெடு முடிந்த பிறகும் தங்கிவிடுபவர் செய்வது குற்றவியல் குற்றமே அன்று, உரிமையியல் மீறல். அவரையும் வெளியேற்றலாம், ஆனால் தங்கியதற்காக மட்டும் சிறையில் தள்ள முடியாது. மூன்றாமவர், எல்லையில் காவலரைத் தேடிப் போய்த் தன்னை ஒப்படைத்து, 'என் நாட்டில் என் உயிருக்கு ஆபத்து' என்று சொல்பவர். நாட்டுக்குள் எந்த இடத்தில் நுழைந்திருந்தாலும் புகலிடம் கோரி மனுச் செய்யலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே சொல்கிறது. முதல் இரு வகையினரோடு புகலிட மனுவின் முடிவுக்காகக் காத்திருப்போரையும் சேர்த்தால், பியூ ஆய்வு மையத்தின் கணிப்புப்படி 2023-இல் நிரந்தர அனுமதியின்றி அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் 1 கோடியே 40 லட்சம் பேர்.

இவர்களில் யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டிய இடம் குடியேற்ற நீதிமன்றம். பெயரில் நீதிமன்றம் என்றாலும் அது நீதித்துறையின் கிளையன்று. அரசின் சட்ட அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தராது, குழந்தைக்கும் அப்படித்தான். 2024-இன் முடிவில் அங்கே தேங்கிக் கிடந்த வழக்குகள் 35 லட்சத்துக்கு மேல். தீர்ப்புச் சொல்ல இருந்த நீதிபதிகள் ஏறத்தாழ 700 பேர். ஆளுக்கு ஐயாயிரம் வழக்குகள். மெய்யாகவே உயிருக்கு அஞ்சி வந்தவர் பல ஆண்டுகள் முடிவு தெரியாமல் தவிக்கிறார். பொய்க் காரணம் சொல்லி வந்தவருக்கு அதே ஆண்டுகள் வேலை செய்து சம்பாதிக்கக் கிடைத்த அவகாசமாகிவிடுகின்றன. ஆள் கடத்தும் தரகர்கள் விற்பது இந்தத் தாமதத்தைத்தான். 2023 டிசம்பரில் தெற்கு எல்லையில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பிடிபட்டதற்கு வெனிசுவேலாவின் சீரழிவு முதல் பல காரணங்கள் உண்டு என்றாலும், இந்தத் தேக்கத்தை நான் முதன்மைக் காரணங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

கேள்வி: முழு எல்லையிலும் சுவர் எழுப்பிவிட்டால் சிக்கல் தீராதா? (வாசகர், மதுரை)

தீராது. 3,145 கிலோமீட்டர் எல்லையின் நடுவே ஓடும் ஆறும் மலையும் ஒருபுறமிருக்க, விசாவில் வந்து தங்கியவரைச் சுவர் தடுக்காது, தன்னை ஒப்படைக்க வருபவரையும் தடுக்காது. 1993-இல் எல் பாசோவிலும் 1994-இல் சான் டியாகோவிலும் நகர்ப்புற எல்லைகளைக் காவலர்களைக் குவித்து அடைத்தபோது, மக்கள் வருவது நிற்கவில்லை; பாலைவனத்தின் பக்கம் திரும்பினார்கள். 1998-க்குப் பிறகு எல்லைக் காவல் படையே கணக்கில் எழுதிய சாவுகள் 8,000-ஐத் தாண்டும். அதுவரை அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த மெக்சிகோ ஆண்கள், திரும்பிப் போனால் மறுபடி வர முடியாது என்றறிந்து அங்கேயே தங்கி, மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார்கள் என்பது குடியேற்ற ஆய்வாளர்கள் பலரும் எடுத்துக்காட்டும் செய்தி.

கேள்வி: 1986-இல் ரீகன் பொது மன்னிப்பு வழங்கினார். அதன் பிறகுதான் அனுமதியின்றி வருவோர் பெருகினார்கள். மீண்டும் மன்னித்தால் மீண்டும் அதுதானே நடக்கும்? (ஓய்வுபெற்ற அரசு அலுவலர், கோயம்புத்தூர்)

உங்கள் கேள்வியில் உள்ள நிகழ்ச்சிகள் சரியானவை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ 27 லட்சம் பேர் சட்டபூர்வமான குடியிருப்பு பெற்றார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகளில், 2007-இல், அனுமதியற்றோர் எண்ணிக்கை 1 கோடியே 22 லட்சம் வரை ஏறியது. ஆனால் மன்னிப்புத்தான் அதற்குக் காரணம் என்று முடிவு கட்டுமுன், அந்தச் சட்டத்தின் மறுபாதிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

அது ஓர் உடன்படிக்கை. ஏற்கெனவே இருப்பவர்களை ஏற்றுக்கொள்வது ஒருபுறம். இனி அனுமதியற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளியைத் தண்டிப்பது மறுபுறம். அனுமதியற்றவரை வேலைக்கு வைப்பதை நாடு முழுவதற்குமான சட்டம் தடை செய்தது அதுவே முதல் முறை. வேலை கிடைக்காது என்று தெரிந்தால் யாரும் உயிரைப் பணயம் வைத்து வரமாட்டார்கள் என்ற எண்ணம் சரியான எண்ணமே. ஆனால் சட்டத்தை எழுதும்போது இரண்டு ஓட்டைகள் விடப்பட்டன. தெரிந்தே வேலைக்கு வைத்தால்தான் குற்றம் என்பது ஒன்று. தொழிலாளி காட்டும் சான்று மேலோட்டமாகப் பார்க்க உண்மையானதுபோல் இருந்தால் போதும், அது மெய்யா என்று முதலாளி விசாரித்துச் சரிபார்க்கத் தேவையில்லை என்பது மற்றொன்று. போலி சமூகப் பாதுகாப்பு அட்டை விற்பது அன்று முதல் ஒரு தொழிலாயிற்று. கோழி வெட்டும் ஆலையும் கட்டட ஒப்பந்ததாரரும் பழத்தோட்ட உரிமையாளரும் அட்டையைப் பார்த்தார்கள், படிவத்தை நிரப்பினார்கள், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாகவே நின்றார்கள்.

சான்றை அரசின் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் 'இ-வெரிஃபை' என்னும் ஏற்பாடு 1997-இல் சோதனை முறையில் தொடங்கியது. இன்றுவரை நாடு முழுவதற்கும் அது கட்டாயமில்லை. அரிசோனா 2007-இல் தன் மாநிலத்தில் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து அமெரிக்க வணிகர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011-இல் தோற்றது. வழக்குப் போட்டவர்கள் மனித உரிமை அமைப்பினர் மட்டுமல்லர், வணிகர்களும்தான் என்பதைக் கவனியுங்கள். மலிவான உழைப்பு வேண்டும், அதைச் செய்பவருக்கு உரிமை வேண்டாம் என்ற ஏற்பாட்டில் நலன் காண்பவர்கள் இரு கட்சிகளிலும் இருக்கிறார்கள். எல்லைக் காவலுக்குப் பணம் ஒதுக்கக் கை தூக்கும் உறுப்பினர்கள் வேலையிடச் சோதனை என்றவுடன் தயங்குவதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தோட்டத்தில் பிடிபட்ட தொழிலாளியின் குடும்பம் ஒரே நாளில் சிதறிப் போகிறது. அவரை வேலைக்கு வைத்தவர் மறு வாரம் வேறு ஆளைத் தேடிக்கொள்கிறார். இந்த அநியாயத்தைப் பேசாமல் சட்டத்தை மதிப்பதைப் பற்றி மட்டும் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே 1986-இன் தோல்வி மன்னிப்பின் தோல்வியன்று. பாதி உடன்படிக்கை நிறைவேறி மறுபாதி கைவிடப்பட்டதன் விளைவு. எதிர்காலத்தில் தேவைப்படும் தொழிலாளர்கள் சட்டப்படி வருவதற்கு அந்தச் சட்டம் போதிய வழி வகுக்கவும் இல்லை.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் வந்து பதினான்கு ஆண்டுகளாகக் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். ஒரு நாள்கூட விதி மீறியதில்லை. வரிசையில் நிற்காமல் வந்தவர்களுக்காக ஊரே போராடுகிறது; என்னைப் போன்றவர்களுக்காகப் பேச யாருமில்லை. இது நியாயமா? (தமிழ் வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

நியாயமில்லை. உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். வேலைவாய்ப்பு அடிப்படையிலான நிரந்தரக் குடியிருப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகக் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு. அந்த 1,40,000-க்குள் மனைவி, கணவர், குழந்தைகள் ஆகியோரும் அடக்கம். கைக்குழந்தையாக வந்த பிள்ளை 21 வயதைத் தாண்டினால் பெற்றோரின் வரிசையிலிருந்து விழுந்துவிடக்கூடிய நிலைமையை எடிசனில் வாழும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஆனால் உங்களுக்கு முன்னால் யாரும் வந்து புகுந்துவிடவில்லை. மெக்சிகோவின் ஒவாகா மாநிலத்திலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ பள்ளிப் படிப்பு முடிக்காமல் வரும் கூலித் தொழிலாளிக்கு உங்கள் வரிசையில் இடமே இல்லை. உயர் பயிற்சி தேவைப்படாத வேலைகளுக்கு உலகம் முழுவதற்குமாக ஆண்டுக்கு 10,000 நிரந்தர விசாக்கள் ஒதுக்கப்பட்டு, பின்னர் பல ஆண்டுகள் அதுவும் ஏறத்தாழ 5,000 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. எச்-2ஏ என்னும் பண்ணைத் தொழிலாளர் விசாவுக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் அது பருவகால வேலைக்கு மட்டும். விஸ்கான்சினில் மாடுகள் பருவம் பார்த்துப் பால் கொடுப்பதில்லை என்பதால் ஆண்டு முழுதும் ஆள் தேவைப்படும் பால் பண்ணைக்கு அந்த விசா உதவாது. அந்தப் பண்ணைகளில் பால் கறப்பவர்களில் மிகப் பலர் அனுமதியற்றவர்கள்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதும் முக்கியம். 1942 முதல் 1964 வரை 'பிரசேரோ' திட்டத்தின் கீழ் மெக்சிகோத் தொழிலாளர்களுக்கு 45 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. கூலி மோசடியும் மோசமான தங்குமிடமும் மலிந்திருந்த அத்திட்டம் நிறுத்தப்பட்டது சரியே. ஆனால் மறு ஆண்டே வந்த 1965 குடியேற்றச் சட்டம், ஐரோப்பியருக்கு முன்னுரிமை தந்த பழைய ஒதுக்கீட்டை ஒழித்து நம்மவர்கள் அமெரிக்காவுக்குப் போக வழி திறந்த அதே சட்டம், அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு முதல் முறையாக எண்ணிக்கை வரம்பு விதித்தது. அதே மனிதர்கள் அதே வயல்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதுவரை சட்டத்துக்கு உட்பட்டிருந்த அந்த வரவு பிறகு சட்டமீறலாயிற்று. நம் வரவும் அவர்களுடைய தடையும் ஒரே சட்டத்தின் இரு விளைவுகள் என்பதை அமெரிக்கத் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் வரிசையைச் சரிசெய்ய நாடாளுமன்றம் சட்டத்தை மாற்ற வேண்டும். 2013 ஜூனில் செனட் 68-க்கு 32 என்ற வாக்கில் நிறைவேற்றிய விரிவான மசோதா, எல்லைக் காவலை இரட்டிப்பாக்கி, அனுமதியற்றோருக்கு வழி வகுத்ததோடு, வேலைவாய்ப்புப் பிரிவில் நாட்டுவாரி உச்சவரம்பையும் நீக்கியிருந்தது. கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அது சட்டமாகியிருந்தால் உங்கள் காத்திருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

கேள்வி: இவர்களால் குற்றம் பெருகுகிறது, உள்ளூர்க்காரர்களின் கூலி குறைகிறது என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

கைதாகும் ஒவ்வொருவரின் குடியேற்ற நிலையையும் மத்திய அரசின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாநிலம் டெக்சஸ். அதன் தரவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வு, அனுமதியற்றோர் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம் அமெரிக்காவில் பிறந்தவர்களின் விகிதத்தில் பாதிக்கும் குறைவு என்று கண்டது. அதனால் அவர்களில் ஒருவர் கொலை செய்தால் அந்தக் குடும்பத்தின் துயரம் குறைந்துவிடாது. முன்பே வெளியேற்றப்பட்டிருக்க வேண்டியவர் அவர் என்றால் அரசின் மீது அவர்கள் கொள்ளும் சினம் முற்றிலும் நியாயமானது.

கூலியைப் பொறுத்தவரை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட விரிவான அறிக்கையைச் சொல்லலாம். நீண்ட கால அளவில் மொத்தக் கூலியின் மீது குடியேற்றத்தின் தாக்கம் மிகச் சிறிது. பாதிப்பு இருக்குமானால் அது முன்னரே குடியேறியவர்கள் மீதும் பள்ளியிறுதி முடிக்காத உள்ளூர்த் தொழிலாளர் மீதும் விழுகிறது. முதல் தலைமுறையின் பிள்ளைகளுடைய கல்விச் செலவு மாநிலங்களின் தோளில் ஏறுகிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, வரி செலுத்துவோரில் முன்வரிசைக்கு வருகிறார்கள். ஆதாயம் வாஷிங்டன் கருவூலத்துக்கும் நாடு முழுவதற்கும், செலவு எல்லை ஊர்களுக்கு என்னும் இந்தப் பங்கீட்டைப் பார்த்தால், டெக்சஸ் எல்லை மாவட்டங்களின் மனக்குறையை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது.

கேள்வி: நம் இனத்தவர் ஒருவருடைய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றதாகக் கேள்விப்பட்டேன். அதன் விவரம் என்ன? (வாசகி, டொராண்டோ)

இலங்கைத் தமிழர் ஒருவர், விவசாயி, 2017 பிப்ரவரியில் ஓர் இரவு கலிபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே மெக்சிகோ எல்லையைக் கடந்தார். இருபத்தைந்து கஜம் உள்ளே வருவதற்குள் எல்லைக் காவலர் பிடித்துவிட்டனர். ஊரில் வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்திச் சென்று அடித்ததாகப் புகலிட அதிகாரியிடம் சொன்னார். ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வேனைப் பற்றி விளக்கம் தேவையில்லை. அவர் அடிபட்டதை அதிகாரி நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியாததால், சட்டம் கேட்கும் காரணம் நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தார். மேலதிகாரியும் குடியேற்ற நீதிபதியும் அதை உறுதி செய்தனர். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'விரைவு வெளியேற்றம்' என்னும் முறைப்படி அத்தோடு கதை முடிந்தது. வேறு நீதிமன்றத்தில் அந்த முடிவை எதிர்க்க இயலாது.

அவர் ஆட்கொணர்வு மனுவோடு சென்றார். ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 25 அன்று ஏழு பேருக்கு இருவர் என்ற அளவில் அதை மாற்றியது. நீதிபதி அலிட்டோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம், எல்லையைத் தாண்டியவுடனே பிடிபட்டவர் நாட்டுக்குள் நுழைந்தவராகக் கருதப்படமாட்டார், எனவே நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதிக் கொடுத்ததற்கு மேல் வேறு விசாரணை உரிமை அவருக்கு இல்லை என்பது. சோட்டோமேயரும் கேகனும் மாறுபட்டார்கள்.

நான் அந்தச் சிறுபான்மையினர் பக்கம் நிற்கிறேன். கடத்தப்பட்ட மனிதன் தன்னைக் கடத்தியவரின் பெயரையும் நோக்கத்தையும் கேட்டறிந்து வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் விசாரணையை, அதற்கு மேலே ஒரு நீதிமன்றமாவது பார்வையிட்டிருக்க வேண்டும். விரைவு தேவைதான், முதல் விடையில் அதற்காகத்தான் வாதிட்டேன். ஆனால் விரைவாகச் செய்த முடிவு தவறாகும்போது அதைத் திருத்த வழியில்லையென்றால், தவறின் விலையை ஓர் உயிர் கொடுக்க நேரும். 2025 ஜனவரியில் இந்த விரைவு முறையை எல்லைப் பகுதிக்கு அப்பால் நாடு முழுவதற்கும், இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக அங்கே இருந்தவர்கள் மீதும் விரிவாக்க அரசு உத்தரவிட்டது. நீதிமன்றங்களில் அதன்மீது வழக்குகள் எழுந்தன.

கேள்வி: இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் அனுப்பினார்களே, அதை நம் அரசு கண்டித்திருக்க வேண்டாமா? (வாசகர், சென்னை)

2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரசில் இறங்கிய விமானத்தில் 104 பேர் இருந்தார்கள். தன் குடிமக்களைத் திரும்ப ஏற்பது இந்தியாவின் கடமை, அதில் மறுப்பில்லை. விலங்கிடுவது 2012 முதல் நடைமுறையில் உள்ளது என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மாநிலங்களவையில் விளக்கினார். நடைமுறை என்பதால் அது சரியாகிவிடாது. வேலை தேடிப் போய், வன்முறை எதுவும் செய்யாத மனிதனை அத்தனை மணி நேரம் கை கால் கட்டி உட்காரவைப்பதைக் கண்டித்திருக்கத்தான் வேண்டும். அதே மூச்சில், நிலத்தை விற்கவைத்துப் பல லட்சம் வாங்கிக்கொண்டு அவர்களைப் பனாமாக் காட்டு வழியில் நடக்கவிட்ட பஞ்சாப், ஹரியானா, குஜராத் தரகர்கள் மீது கடுமையான வழக்குகளும் வேண்டும்.

கேள்வி: குறை சொல்வது எளிது. உங்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன செய்வீர்கள்? (வாசகர், சிங்கப்பூர்)

முதலில் நீதிபதிகளை நியமிப்பேன். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கும் எல்லைக்கும் ஏறத்தாழ 17,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் தடுப்பு மையங்களுக்கு 4,500 கோடி, சுவருக்கு 4,650 கோடி. அதே சட்டம், 2028 நவம்பர் முதல் குடியேற்ற நீதிபதிகள் 800 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. பிடிப்பதற்கு அளவற்ற பணமும் தீர்ப்பதற்கு உச்சவரம்பும் என்னும் இந்த ஏற்பாட்டைத்தான் நான் தலைகீழாக மாற்றுவேன். புகலிட மனுவுக்கு ஆறு மாதத்தில் முடிவு, ஒரு மேல்முறையீடு, தோற்றவர் உறுதியாகத் திரும்பிச் செல்வது. 2025-இல் புகலிட வழியையே எல்லையில் அடைத்ததால் பிடிபடுவோர் எண்ணிக்கை 1970-க்குப் பிறகு காணாத அளவுக்குக் குறைந்தது உண்மை. ஆனால் அது மெய்யாக உயிர் தப்பி வருபவரையும் சேர்த்தே வெளியே நிறுத்துகிறது.

இரண்டாவது, வேலையிடத்தில் சான்று சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவேன், பால் பண்ணைக்கும் தோட்டத்துக்கும் பொருந்தும் விசாவைத் திறந்த பிறகு. இந்த வரிசை மாறினால் காய்கறியும் பாலும் அழுகித்தான் போகும்.

மூன்றாவது, நீண்ட காலமாக அங்கே வாழ்பவர்களுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பழைய சட்டத்தில் ஒரு தேதியை மாற்றினால் போதும். குறிப்பிட்ட நாளுக்கு முன்பிருந்தே தொடர்ந்து வாழ்ந்து, நன்னடத்தையோடு இருப்பவர், நுழைந்த விதம் எப்படியிருந்தாலும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்ற பிரிவு 1929 முதல் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. அந்த நாளை நாடாளுமன்றம் அவ்வப்போது முன்னே நகர்த்தி வந்தது. கடைசியாக நகர்த்தியது 1986-இல். அன்று குறிக்கப்பட்ட நாள் 1972 ஜனவரி 1. இன்றும் சட்டத்தில் இருப்பது அதே நாள்தான். 1986-இல் செய்தது போலவே பதினான்கு ஆண்டுகள் பின்னோக்கி ஒரு நாளைக் குறித்து, அதற்கு முன் வந்தவர்களின் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஏற்பேன். அதற்குப் பின் வந்தவர்களின் வழக்குகளை மேலே சொன்ன நீதிபதிகளிடம் அனுப்புவேன்.